காத்திருக்கும் வாணம்

கடலூர்த் துறைமுகச் சந்திப்பில் ரயில் ஏறிச் சிதம்பரத்துக்குப் போகிறவர்கள் அந்தச் சிறு பிரயாணத்தில் கண்ணயர்ந்து விடுவதுதான் வழக்கம். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று வண்டி நின்று நின்று போகும். இடது பக்கத்தில் எங்கேயோ கடல் இருக்கிறது என்பதை உப்புக் காற்று மட்டும் சொல்லிக்கொண்டு வரும். நானும் தூங்குவதாகத்தான் உத்தேசித்திருந்தேன். ஆனால் எதிர் ஆசனத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரும் அவருடைய பேத்தியும் என்னைத் தூங்க விடவில்லை. இந்த வாரத்து விஷயத்தை எனக்குக் கொடுத்தவர்களும் அவர்களே. ஆகையால் நேயர்கள் அவர்களுக்குத்தான் நன்றி செலுத்த வேண்டும். குறை இருந்தால் என்னை ஏசலாம்.

பெரியவர் கோயில் உற்சவங்களுக்கு வாணம் கட்டிக் கொடுப்பவர். மூன்று தலைமுறையாக அதுவே குடும்பத் தொழில். "கையில் சரக்கு ஒன்றுமில்லை, ஐயா! ரயிலில் மருந்து கொண்டு போகக் கூடாது என்கிற சட்டம் எனக்குத் தெரியும்" என்று, நான் கேட்பதற்கு முன்பே இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். பேத்தி சிதம்பரத்தில் காலேஜில் வாசிக்கிறாள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விடப்படும் சிறிய ராக்கெட்டைப் பற்றி எதையோ படித்துக்கொண்டு வந்தவள், திடீரென்று தலை நிமிர்ந்தாள்.

"தாத்தா! உங்கள் வாணத்துக்குத் திரியைக் கொளுத்தினால் உடனே போய்விடுகிறது. பெரிய ராக்கெட்டுக்கு மட்டும் மாதக் கணக்கில் ஏன் ஆயத்தம் செய்கிறார்கள்? அவசரத்துக்கு ஒன்றை அனுப்ப முடியாதா?" என்று கேட்டாள்.

தாத்தா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். ஆனால் தப்ப முடியவில்லை.

* * *

கேள்வி விளையாட்டுக் கேள்வியன்று. அவள் வீடு பரங்கிப்பேட்டைக்கு அருகில் கடலோரத்தில் இருக்கிறது. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தபோது அவள் பிறக்கவில்லை. 2011-ம் வருஷம் டிசம்பர் 30-ந் தேதி 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தபோது அவள் சின்னக் குழந்தை. பண்ணுருட்டிப் பக்கத்தில் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. புயல் வருகிறது என்று சொல்ல, 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இன்ஸாட் வகைச் செயற்கைக்கோள்கள் நின்று மேகத்தைப் படம் பிடித்துக்கொண்டே இருக்கின்றன. ஆனால் மேகத்துக்குக் கீழே எந்தக் கிராமத்தில் எவ்வளவு வெள்ளம் நிற்கிறது என்பதை அவை கண்டு சொல்ல மாட்டா. அதற்கு ஐந்நூறு, அறுநூறு கிலோமீட்டர் உயரத்தில் தாழப் பறந்து, ராடார் அலையால் மேகத்தையும் இருட்டையும் ஊடுருவிப் பார்க்கும் கோள் வேண்டும். அத்தகைய கோள் ஒன்று ஒரே ஊருக்கு மேல் மறுபடி வருவதற்குச் சில நாட்கள்கூட ஆகும். உள்ள கோள் பழுதாகிவிட்டால் புதிதாக ஒன்றை அனுப்ப வேண்டும். அப்போது, "மூன்று மாதம் பொறுங்கள்" என்று வெள்ளத்திடம் சொல்ல முடியுமா?

ஆகவே உலகமெங்கும் விஞ்ஞானிகள் இந்தப் பெண்ணின் கேள்வியையே கேட்டு வருகிறார்கள். சிறிய கோளை, சிறிய ராக்கெட்டில், சொன்ன மாத்திரத்தில் அனுப்புவது எப்படி? அதற்கு எந்த எரிபொருள் தக்கது?

* * *

ராக்கெட்டின் தத்துவத்தில் மர்மம் ஒன்றுமில்லை. உள்ளே எரிந்த வாயு ஒரு பக்கமாகப் பீறிட்டு வெளியேறுகிறது. குழாய் மறு பக்கமாகத் தள்ளப்படுகிறது. பெரியவருடைய வாணமும் இப்படியே போகிறது. சந்திரனுக்குப் போனதும் இப்படித்தான் போயிற்று. வித்தியாசமெல்லாம் வேகத்தில் இருக்கிறது. ஒரு பொருள் பூமியில் விழாமல் அதைச் சுற்றி வர வேண்டுமானால் வினாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். நாங்கள் இரண்டு ஸ்டேஷன் மாஸ்டர்களுடைய தயவில் ஒரு மணி நேரமாகக் கடக்கும் கடலூர்-சிதம்பரம் தூரத்தை அது ஐந்தாறு வினாடியில் கடந்துவிடும்.

இவ்வளவு வேகத்தைக் கொடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெரியவருடைய வழி: மருந்தைக் கெட்டியாக அடைத்து வைப்பது. மற்றொன்று, எரிபொருளையும் அது எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவையும் திரவமாகத் தனித்தனித் தொட்டிகளில் வைத்து, வேண்டும்போது சேர்த்து எரிப்பது.

"வெடியுப்பு, கந்தகம், கரி. இந்த மூன்றும்தானே ஐயா, ராக்கெட்டிலும்?" என்றார் பெரியவர்.

இல்லை. இப்போதைய கெட்டி எரிபொருளில் அம்மோனியம் பெர்க்குளோரேட் என்ற உப்பு பிராணவாயுவைக் கொடுக்கிறது. அலுமினியப் பொடி உஷ்ணத்தைக் கூட்டுகிறது. இவற்றைப் பிடித்து வைக்க ஒருவகை ரப்பர் சேர்க்கிறார்கள். அந்த ரப்பரே எரியவும் செய்கிறது. அடை மாவைப் போல் இவற்றைப் பிசைந்து, பெரிய உருளையில் வார்த்து, பல நாட்கள் வெப்ப அறையில் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். நடுவில் ஓர் அச்சை நிறுத்தி வார்ப்பதால், அச்சை உருவியதும் நீளவாட்டில் ஒரு துவாரம் நிற்கும். அந்தத் துவாரத்தின் சுவரில்தான் தீப் பற்றும். துவாரம் நட்சத்திர வடிவமானால் ஒரு விதமாக எரியும். வட்டமானால் வேறு விதமாக எரியும். எந்த வினாடியில் எவ்வளவு விசை வேண்டும் என்பதை, தீ வைப்பதற்கு மாதங்களுக்கு முன்பே அந்த வடிவத்தில் எழுதி வைத்துவிடுகிறார்கள்.

"கெட்டிப்பில் விரிசல் விழுந்தால்?" என்று பெரியவர் கேட்டார். தொழில் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது.

"அங்கேயும் உங்கள் வாணத்துக்கு வரும் கதிதான். விரிசலுக்குள் தீ புகுந்தால் எரியும் பரப்பு அதிகமாகும், அழுத்தம் ஏறும், குழாய் வெடிக்கும். ஆகையால் எக்ஸ்ரே பிடித்துப் பார்க்காமல் விடுவதில்லை" என்றேன்.

பெரியவர் தலையசைத்தார். "நாங்கள் தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்போம்" என்றார்.

கெட்டி எரிபொருளின் பெரிய குணம், அது காத்திருக்கும் என்பதே. வார்த்துப் பதப்படுத்திய உருளையைப் பாதுகாப்பான கொட்டிலில் வருஷக் கணக்கில் வைக்கலாம். கொதித்து ஆவியாகாது, ஒழுகாது, புறப்படும் நாளில் நிரப்ப வேண்டியதுமில்லை. இஸ்ரோவின் சிறிய ராக்கெட்டான எஸ்.எஸ்.எல்.வி. இந்தக் குணத்தை நம்பிச் செய்யப்பட்டதுதான். உயரம் 34 மீட்டர், விட்டம் 2 மீட்டர், எடை சுமார் 120 டன். ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று அடுக்குகளிலும் கெட்டி எரிபொருள். முதல் அடுக்கில் மட்டும் சுமார் 87 டன். அது முழுவதும் ஒன்றரை நிமிஷத்தில் எரிந்து தீர்ந்துவிடும். 500 கிலோ எடையுள்ள கோளை 500 கிலோமீட்டர் உயரத்தில் கொண்டு வைக்க வல்லது. பெரிய ராக்கெட்டைச் சேர்த்து நிறுத்த வாரக் கணக்கும், நூற்றுக் கணக்கான ஆட்களும் தேவை. இதையோ ஒரு சிறு கூட்டத்தார் சில நாட்களுக்குள் நிறுத்திவிட வேண்டும் என்பதே குறிக்கோள்.

* * *

வண்டி பரங்கிப்பேட்டையில் நின்றது. இங்கே ஒரு பழைய கதையைச் சொல்லாமல் போவது நியாயமாகாது.

1781-ம் வருஷம் கோடைக் காலத்தில் இந்தக் கடலூர்-சிதம்பரம் வட்டாரம் முழுவதும் யுத்தகளமாக இருந்தது. ஹைதர் அலியின் ஆட்கள் சிதம்பரம் கோயிலைக் கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். ஜூன் மாதத்தில் ஸர் அயர் கூட் அதைப் பிடிக்க முயன்று தோற்றுத் திரும்பினார். பிறகு ஜூலை முதல் தேதி, இந்தப் பரங்கிப்பேட்டைக்கு அருகில் நடந்த பெரும் போரில் கூட் வென்றார். முந்திய வருஷம் செப்டம்பரில் காஞ்சீபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கதை வேறு விதமாக இருந்தது. அங்கே கர்னல் பெய்லியின் படையை ஹைதரும் திப்புவும் அழித்தார்கள். மைசூர்ப் படையின் அக்கினி வாணங்கள் வெள்ளைக்காரருடைய வெடிமருந்து வண்டிகளில் தீயை மூட்டியதாகச் சரித்திரக்காரர்கள் எழுதுகிறார்கள்.

அந்த வாணத்தின் விசேஷம் என்ன? வாணம் விடுவது சீனருக்கும் ஐரோப்பியருக்கும் முன்பே தெரிந்ததுதான். ஆனால் அவர்கள் காகிதத்திலும் அட்டையிலும் குழாய் செய்தார்கள். மைசூர்க்காரர்கள் ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் குழாயில் மருந்தைக் கெட்டித்தார்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும்; ஆகவே வாயு அதிக வேகமாக வெளியேறும்; வாணம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் போய் விழும். மூங்கிலிலோ வாளிலோ கட்டிய அந்தக் குழாயைப் போர்வீரன் தோளில் சுமந்து போவான். பீரங்கியை இழுத்து வந்து நிறுத்துவதற்குள் இவன் திரியைக் கொளுத்திவிடுவான். சொன்ன மாத்திரத்தில் புறப்படும் ராக்கெட் என்று இப்போது பேசுகிறோமே, அது அன்றைக்கே அவன் தோளில் இருந்தது! சிவமொக்கா ஜில்லாவில் நகர என்ற ஊரில் 2018-ம் வருஷம் ஒரு பாழுங் கிணற்றைத் தோண்டியபோது, இத்தகைய வாணங்கள் ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. இருநூறு வருஷத்துக்கு மேல் அவை கட்டளைக்காகக் காத்திருந்தன போலும்!

ஆனால் கதையின் பிற்பகுதி நமக்கு அவ்வளவு உவப்பானதன்று. 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. அகப்பட்ட வாணங்களில் சில இங்கிலாந்துக்குப் போயின. அங்கே வுல்விச் ஆயுதசாலையில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றைப் பிரித்துப் பார்த்தார், மருந்தை நிறுத்தார், தூரத்தை அளந்தார், ஒன்றை மாற்றி மற்றொன்றைச் சோதித்தார், அனைத்தையும் எழுதி வைத்தார். 1807-ல் கோபன்ஹேகன் நகரம் அந்த வாணங்களால் தீப்பற்றி எரிந்தது. அவற்றுக்குக் 'காங்கிரீவ் வாணம்' என்று பெயரும் ஏற்பட்டது. வாணத்தைச் சிறப்பாகச் செய்தது நம் கை. கணக்கு எழுதியது அவர்கள் கை. பெயர், கணக்கு எழுதியவனைச் சேர்ந்தது. யுத்தத்தில் தோற்றதைவிட இதுவே பெரிய தோல்வி என்று எனக்குத் தோன்றுகிறது.

"எங்கள் அப்பாவும் அளவை எழுதி வைத்ததில்லை. கைப்பக்குவம்தான்" என்று பெரியவர் மெதுவாகச் சொன்னார். பேத்தி அவரைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

* * *

இனி, கெட்டி எரிபொருளின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அது காத்திருக்கும், ஆனால் புறப்பட்டபின் சொன்னபடி கேட்காது. கொளுத்திய பிறகு அணைக்க முடியாது. வெயிலில் காய்ந்த வாணம் துள்ளிப் போகும் என்பது பெரியவருக்குத் தெரியும். அதுபோலவே, எரிபொருளின் உஷ்ணம் கொஞ்சம் மாறினாலும் எரியும் வேகம் மாறிவிடும். கடைசியில் வரும் சிறு பிழையைச் சரிசெய்வதற்காக, எஸ்.எஸ்.எல்.வி.யின் உச்சியில் சின்னஞ்சிறு திரவ எஞ்சின்கள் பதினாறு வைத்திருக்கிறார்கள். இரண்டு திரவங்கள் ஒன்றையொன்று தொட்ட மாத்திரத்தில் தீப்பற்றும் வகை அது. பல நாள் தொட்டியில் இருக்கும், வேண்டும்போது எரியும், வேண்டாதபோது நிற்கும். ஆனால் கொடிய விஷம். நிரப்புகிறவர்கள் கவசம் அணிந்துகொண்டுதான் அருகில் போகிறார்கள்.

2022-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி எஸ்.எஸ்.எல்.வி. முதல் தடவையாகப் புறப்பட்டது. மூன்று அடுக்குகளும் நன்றாகவே எரிந்தன. ஆனாலும் கோள்கள் பிழைக்கவில்லை. காரணம் விசித்திரமானது. இரண்டாவது அடுக்கு கழன்றபோது ஒரு குலுக்கல் உண்டாயிற்று. சில கணமே இருந்தது. வேகத்தை உணரும் கருவிகளால் அந்த அதிர்ச்சியை அளக்க முடியவில்லை. ராக்கெட்டின் மூளையாகிய கம்ப்யூட்டர், கருவிகளெல்லாம் கெட்டுவிட்டன என்று முடிவு செய்துவிட்டது. உண்மையில் அவை கெடவில்லை. அந்தத் தப்பெண்ணத்தால், 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாகச் சுற்ற வேண்டிய கோள்கள், ஒரு பக்கத்தில் 76 கிலோமீட்டர் உயரத்துக்குத் தாழ்ந்து வரும் பாதையில் விடப்பட்டன. அவ்வளவு தாழ்வில் காற்று சும்மா விடுமா? அவை விழுந்துவிட்டன. அவற்றில் ஒன்று, நாடு முழுவதிலும் 75 பள்ளிக்கூடங்களைச் சேர்ந்த 750 பெண் குழந்தைகள் சேர்ந்து செய்தது.

"ஐயோ, பாவம்!" என்றாள் பேத்தி.

பாவந்தான். ஆனால் அடுத்து நடந்ததைக் கவனிக்க வேண்டும். தவறு எங்கே என்று கணம் கணமாகக் கணக்குப் பார்த்தார்கள். கண்டதை மறைக்காமல் வெளியிட்டார்கள். அடுக்கு கழலும் முறையை மாற்றினார்கள். கருவியை எப்போது நம்புவது, எப்போது நம்பாமலிருப்பது என்ற விதியைத் திருத்தினார்கள். ஆறே மாதத்தில், 2023 பிப்ரவரி 10-ந் தேதி, இரண்டாவது ராக்கெட் புறப்பட்டு வெற்றி பெற்றது. அந்தக் குழந்தைகளுடைய இரண்டாவது கோளும் அதில் போயிற்று. 2024 ஆகஸ்டு 16-ந் தேதி மூன்றாவதும் வென்றது. காங்கிரீவ் அன்று செய்த காரியத்தை இன்று நம்மவர்கள் தங்கள் சொந்த வாணத்துக்குச் செய்கிறார்கள்.

* * *

திரவ எரிபொருளை விரைவுக்கு உதவாதது என்று தள்ளிவிடலாமா? கூடாது. சென்னையில் ஐ.ஐ.டி.யின் நிழலில் பிறந்த அக்னிகுல் என்னும் கம்பெனி வேறு வழியில் போகிறது. விமானத்துக்கு ஊற்றும் மண்ணெண்ணெயும் திரவப் பிராணவாயுவும் அதன் எரிபொருள்கள். பிராணவாயுவைத் திரவமாக்கப் பூஜ்யத்துக்குக் கீழே 183 டிகிரி குளிர் வேண்டும். தொட்டியில் ஊற்றியதிலிருந்து அது ஆவியாகிக்கொண்டே இருக்கும்; ஆகவே முன்கூட்டி நிரப்பி வைக்க முடியாது. புறப்படும் நாளில்தான் நிரப்ப வேண்டும். அதற்கு ஈடாக இரண்டு லாபங்கள் உண்டு: விசை அதிகம்; எஞ்சினைக் கட்டுப்படுத்தவும் முடியும்.

அவர்கள் நேரத்தை மிச்சப்படுத்துவது வேறோர் இடத்தில். சாதாரணமாக ஒரு ராக்கெட் எஞ்சினில் நூற்றுக் கணக்கான உறுப்புக்களைத் தனித்தனியே செய்து, பற்றவைத்து, சோதித்து முடிக்க மாதங்கள் ஆகும். இவர்கள் உலோகப் பொடியை அடுக்கடுக்காக உருக்கி ஒட்டவைக்கும் அச்சு யந்திரத்தில், இணைப்பே இல்லாத ஒரே துண்டாக எஞ்சினைச் சில நாட்களில் எடுத்துவிடுகிறார்கள். புறப்பட நாள் குறித்துக் குறித்துப் பல முறை நிறுத்தி, பிழைகளைத் திருத்தி, 2024 மே 30-ந் தேதி காலையில், ஸ்ரீஹரிகோட்டாவில் தாங்களே அமைத்த மேடையிலிருந்து ஒரு சோதனை ராக்கெட்டைப் பறக்கவிட்டார்கள். அது பூமியைச் சுற்றும் உயரத்துக்குப் போகவில்லை, போக உத்தேசிக்கவுமில்லை. ஆயினும் அச்சில் எடுத்த அவ்வகை எஞ்சின் இந்தியாவில் பறந்தது அதுவே முதல் தடவை.

அமெரிக்காவில் 2023 செப்டம்பரில் ஒரு பரீட்சை நடத்தினார்கள். ராணுவத்தார் ஒரு கம்பெனியிடம், "புறப்படு" என்று உத்தரவு கொடுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். உத்தரவு கிடைத்த 27 மணி நேரத்தில் கலிபோர்னியாக் கரையிலிருந்து ராக்கெட் கிளம்பிவிட்டது. அதுவும் மண்ணெண்ணெயும் திரவப் பிராணவாயுவும் எரிப்பதுதான். அது எப்படிச் சாத்தியமாயிற்று? கோள் முன்பே தயாராகிக் கிடங்கில் இருந்தது. மேடை காலியாக இருந்தது. ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய காரியத்தைப் பல முறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். எரிபொருளை நிரப்புவது கடைசி மணிகளுக்கு மிச்சமாக இருந்தது.

ஆகவே எந்த எரிபொருள் சிறந்தது என்ற கேள்விக்குப் பதில் இதுதான்: மாதக் கணக்கில் கொட்டிலில் காத்திருக்க வேண்டுமானால் கெட்டி எரிபொருள், விசையும் கட்டுப்பாடும் வேண்டுமானால் திரவம், கடைசிச் சிறு திருத்தத்துக்குத் தொட்டால் பற்றும் திரவம். எதை எடுத்தாலும், புறப்படும் நாளில் காணும் வேகம் அன்று உண்டானதன்று. அதற்கு முந்திய மாதங்களில் நிதானமாகச் செய்து, அளந்து, எழுதி வைத்த வேலையிலிருந்தே அது வருகிறது.

* * *

இடத்தையும் மறக்கக் கூடாது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேர் தெற்கே விட்டால் வழியில் இலங்கை வந்துவிடும். அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். பெரிய ராக்கெட் அந்தச் செலவைத் தாங்கும். சிறியதோ சுமக்க வேண்டிய பாரத்தையே இழந்துவிடும். இதனால்தான் திருச்செந்தூருக்கு அருகில், தசராவுக்குப் பேர்போன குலசேகரப்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ந் தேதி அடிக்கல் நாட்டினார்கள். அங்கிருந்து தெற்கே பார்த்தால் வெறும் கடல்தான். எஸ்.எஸ்.எல்.வி.யைச் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டு, தொடர்ந்து உற்பத்தி செய்வதற்கு ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்தை 2025 ஜூனில் தேர்ந்தெடுத்தார்கள். ஒன்றிரண்டு செய்து காட்டுவது சாமர்த்தியம். பத்தும் இருபதும் செய்து வரிசையில் நிறுத்தி வைப்பதுதான் பாதுகாப்பு. புயலடிக்கும் கடற்கரைக்கு வேண்டியது பின்னதே.

கிள்ளையைத் தாண்டியதும் பெரியவர் பேத்தியிடம் சொன்னார்: "கேட்டாயா, அம்மா? கொளுத்துகிறதில் ஒன்றுமில்லை. கெட்டிக்கிறதில்தான் எல்லாம் இருக்கிறது."

"அப்படியானால் இந்த ஆனித் திருமஞ்சனத்துக்குள் நீங்கள் போடுகிற அளவையெல்லாம் எனக்குச் சொல்லுங்கள், தாத்தா! நான் நோட்டில் எழுதி வைக்கிறேன்" என்றாள் அவள்.

"என் அப்பா எனக்கே சொன்னதில்லையே!" என்றார் பெரியவர். சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு விரலை மடித்து, "வெடியுப்பை முதலில் இரண்டு தடவை காய்ச்சி வடிக்க வேண்டும். அதை எழுதிக்கொள்" என்றார்.

சிதம்பரம் வந்துவிட்டது. ஆகாயத்தையே மூர்த்தியாகக் கொண்டாடும் ஊர் அல்லவா? கோபுரங்களுக்கு மேலே வானம் துல்லியமாக இருந்தது. கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் மட்டும் இன்னும் ஆசனத்தில் உட்கார்ந்தபடி, அவசரம் அவசரமாக எழுதிக்கொண்டிருந்தாள்.